வன்னிக் கோடையில் மோப்ப நாய்: எந்த நேரம், எந்தத் தண்ணீர்?

கோடைப் பயிரான சிறுபோகக் கச்சான் (நிலக்கடலை) காய் பிடிக்கத் தொடங்கினால், இலங்கையின் வடக்கே ஒட்டுசுட்டானுக்கும் நெடுங்கேணிக்கும் இடைப்பட்ட எங்கள் பக்கத்தில் விடிந்ததும் ஒரே கேள்விதான்: இரவு பன்றி யாருடைய வேலியால் இறங்கியது? ஒரு கூட்டம் புகுந்தால் மூன்று மாத உழைப்பை ஓர் இரவில் கிண்டிப் புரட்டிவிட்டுப் போய்விடும். தகரம் தட்டினோம், விளக்குக் கட்டினோம், பழைய சேலைகளை வேலியில் தொங்கவிட்டோம். எல்லாவற்றுக்கும் பன்றி பழகிவிட்டது. நாய்க்கு மட்டும் இன்னும் பழகவில்லை. அதனால் இரண்டு நாய்கள் வைத்திருக்கிறேன். விடியும்போது தடம் பிடித்து, பன்றி நுழைந்த வேலிப் பொட்டை (இடைவெளியை) காட்டி, அது படுத்திருக்கும் பற்றையிலிருந்து கிளப்பிக் காட்டுப் பக்கம் துரத்துவது அவற்றின் வேலை.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். மான், மரை, அழுங்கு போன்றவற்றின் மேல் நாயை ஏவுவதைப் பற்றி நான் எழுதவில்லை. 1937 ஆம் ஆண்டின் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். வறண்டு போன காட்டில் தண்ணீருக்கு அலையும் மானை நாய் விட்டுத் துரத்துவது எனக்கு ஒருபோதும் சரியாகப் படவில்லை. பயிரைக் காக்கும் நாயைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன்.

வைகாசியில் சோளகம் என்கிற தென்மேற்குக் காற்று தொடங்கிவிட்டால் புரட்டாதி வரை எங்களுக்கு மழை என்பது பேச்சில் மட்டும்தான். அந்த மாதங்களில் நாய்க்காரன் இரண்டு விடயங்களைத் தீர்மானிக்க வேண்டும்: நாயை எந்த நேரத்தில் இறக்குவது, எப்படிக் குளிர்விப்பது. இரண்டும் வேறு வேறு என்று நெடுநாள் நினைத்திருந்தேன். உடம்பு சூடேறினால் ஓட்டம் குறையும், மூக்கு அதன் பாட்டில் வேலை செய்யும் என்பது என் எண்ணம். அது பிழை என்று என் நாய் கறுப்பனை இழந்த பிறகுதான் விளங்கியது.

நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்க்காது. உள்ளங்காலில் கொஞ்சம் ஈரம் வரும், அவ்வளவுதான். சூடு இறங்குவதற்குப் பெரும் வழி நாக்கும் வாயும் மூக்கின் உட்புறமும். அமைதியாகப் படுத்திருக்கும் நாய் நிமிடத்துக்கு 10 முதல் 35 தடவை மூச்சு விடும். வெயிலில் ஓடி இளைக்கத் தொடங்கினால் அது 200, 300 என்று ஏறிவிடும். அந்த மூச்சு சூட்டை வெளியேற்றுவதற்கான மூச்சு. வேகமாக வந்து வேகமாகப் போகும். மோப்பம் பிடிக்கும் மூச்சோ வேறு. வாயை மூடி, குறுகிய இழுப்புகளாக இழுத்து, காற்றை மூக்கின் பின்பக்கத்திலுள்ள மணம் அறியும் தோலில் படவைக்க வேண்டும். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்ய நாயால் முடியாது. இளைக்கும் நாயின் முன்னால் பன்றி போன தடம் புத்தம் புதிதாகக் கிடந்தாலும் அது தாண்டிப் போய்விடும். அதைச் சோம்பல் என்று திட்டுகிறோம். பாவம், மூச்சு விடுவதா மணம் பிடிப்பதா என்று வந்தால் உயிர் மூச்சைத்தானே தெரிந்தெடுக்கும்?

என் பெரியப்பா பழைய காலத்து ஆள். விடியற்காலை நாய்களைக் கூட்டிப் போகும்முன் ஈரத்துணியால் ஒவ்வொன்றின் மூக்கையும் துடைத்துவிடுவார். "தம்பி, மூக்குக் காய்ந்த நாயைக் கூட்டிக்கொண்டு போவதை விட நீயே தனியாகப் போய் மணந்து பார்க்கலாம்" என்பார். அது பழக்கம் என்று எண்ணியிருந்தேன். அதில் காரணமும் இருக்கிறது. மணம் ஈரத்தில்தான் ஒட்டும். மூக்கினுள்ளே உள்ள மெல்லிய ஈரப்படலம் காய்ந்தாலோ, எங்கள் செம்மண் புழுதி அதில் அப்பிக்கொண்டாலோ, மணம் பிடிபடாது. தண்ணீர் குறைந்த உடம்பில் முதலில் காய்கிற இடங்களில் மூக்கும் ஒன்று.

நிலத்திலும் அதே கதை. ஈரமான மண்ணும் இலையும் தடத்தின் மணத்தைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக விடும். வெயில் பட்டுக் காய்ந்த மணல், மணத்தை அதிக நேரம் தாங்காது. பகலில் சுட்ட நிலத்திலிருந்து காற்று மேலே எழும்புகிறது; மணமும் அதனுடன் நாயின் தலைக்கு மேலே போய்விடுகிறது. இரவில் நிலம் குளிர்ந்ததும் காற்று கீழே படிகிறது; மணமும் நிலத்தை ஒட்டிக் கிடக்கிறது. குளத்து அலைகரை, வாய்க்கால் ஓரம், வீரை, பாலை மரங்கள் அடர்ந்த நிழல், தாழ்வான பள்ளம் ஆகிய இடங்களில் காலை ஒன்பது மணிக்கும் நாய் தடம் எடுக்கும். திறந்த தரவையில் ஏழரைக்கே விட்டுவிடும். இதை நான் ஒவ்வோர் ஆண்டும் பார்க்கிறேன்.

ஆகவே நேரம். என் முன்னால் இருந்தவை மூன்று: பொழுதுபட்ட பிறகு, நடுச்சாமம், விடியல்.

பொழுதுபட்ட பிறகு போவது பலருக்குப் பிடிக்கும். வேலை முடிந்துவிடும், வெயில் இல்லை, பன்றி இறங்கும்முன்னே மறிக்கலாம். ஆனால் அந்த நேரத்தில் மணல் பாதையில் வெறுங்காலை வைத்துப் பாருங்கள், பகல் முழுக்க வாங்கிய சூட்டை நிலம் அப்போதுதான் கக்கிக்கொண்டிருக்கும். நாயும் பகல் முழுக்கச் சூட்டில் கிடந்த உடம்போடு புறப்படுகிறது. அரை மணி நேரத்தில் நாக்குத் தொங்கிவிடும். யானை குளத்துக்கு இறங்குவதும் அப்போதுதான். நான் இதைக் கைவிட்டுவிட்டேன்.

நடுச்சாமம் மூக்குக்கு நல்லது, ஐயமில்லை. பன்றியும் தோட்டத்திலேயே நிற்கும். ஆனால் நாய் குரைத்த திசைக்கு மனிதன் ஓடினால் பாதையில் விரியன் கிடக்கலாம், பாழ்க்கிணறு இருக்கலாம், பக்கத்துத் தோட்டக்காரர் கட்டிய கம்பிச் சுருக்கு இருக்கலாம். பன்றிக்கென்று வைக்கும் வாய்வெடியைக் கவ்வி நாய் தாடை சிதறிச் செத்ததை எங்கள் பக்கத்தில் எல்லாரும் அறிவார்கள். யானைக் குட்டிகளும் அப்படிச் சாகின்றன. இருட்டில் நாயை மறித்து நிறுத்த முடியாது. வேலிக்குள்ளேயே நிற்கும் காவலுக்கு நாய் இரவில் வேண்டும்தான். தடம் பிடிக்கக் காட்டோரம் இறக்குவதற்கு இரவு வேண்டாம் என்பது என் முடிவு.

விடியல்தான் என் நேரம். இரவு முழுக்கக் குளிர்ந்த நிலம், நாளின் மிகுந்த ஈரப்பதம், ஓய்ந்த சோளகம், உறங்கி எழுந்த நாய், சற்றுமுன் தோட்டத்தை விட்டுப் போன பன்றியின் புதுத்தடம் என எல்லாம் ஒன்றுசேரும் நேரம் அது ஒன்றுதான். ஆளை ஆள் அடையாளம் தெரியும் வெளிச்சம் வந்த பிறகு, கிட்டத்தட்ட ஐந்தரை மணிக்கு இறக்குகிறேன். அதற்கு முன் போனால் யானை இன்னும் வெளியில் நிற்கும். எட்டு மணிக்கு எந்தத் தடத்தில் நின்றாலும் திரும்பிவிடுகிறேன். போருக்குப் பிறகு வடக்கில் கண்ணிவெடி அகற்றும் பணியில் மோப்ப நாய்களும் பயன்பட்டன. உயிரைப் பணயம் வைத்த அந்த வேலைக்கே நாயின் மூக்கைக் குளிர்ந்த நேரத்தில்தான் நம்புவார்கள். நம் கச்சானுக்கு மட்டும் பத்து மணி வெயிலில் மூக்கு வேலை செய்ய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. (மிதிவெடிப் பலகை இன்னும் நிற்கும் நிலத்துக்குள் நாயை விடாதீர்கள். அது திரும்பி வந்தாலும், அதைத் தேடி நீங்கள் உள்ளே போவீர்கள்.)

அடுத்தது தண்ணீர். இதில்தான் நான் அதிகம் பிழை விட்டேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

"குளம் இருக்கிறதே, நாய் போய் விழுந்து எழும்பட்டும்" என்பதுதான் வழமை. மழைக்காலப் பயிரான காலபோகம் முடிந்த கையோடு நிறைந்து கிடக்கும் குளத்தில் அது நல்ல வழி. முத்தையன்கட்டு போன்ற பெரிய குளங்களில் வறட்சியிலும் ஓரளவு தண்ணீர் நிற்கும். ஆவணி மாதத்துச் சிறு குளம் அப்படியில்லை. தண்ணீர் நடுவே சுருங்கிவிடும். அதை அடைய நாய் சேற்றில் இறங்க வேண்டும். பச்சைப் பாசி படர்ந்து தேங்கிய நீரைக் குடித்து நாய் வயிற்றோட்டம் கண்டு கிடந்தால் பத்து நாள் மூக்கும் இல்லை, ஓட்டமும் இல்லை. எலிக்காய்ச்சலும் அத்தகைய நீரில்தான் பரவுகிறது. எல்லாவற்றையும்விட முதலை. பல குளத்து முதலைகள் வற்றாத ஒரு குளத்தில் வந்து ஒதுங்கும் காலம் அது. களைத்து, கவனம் முழுக்கத் தண்ணீரில் வைத்து, குனிந்து நக்கும் நாயை விட இலகுவான இரை அதற்கு இல்லை. குளக்கட்டில் நின்று கூப்பிடுவதைத் தவிர நம்மால் ஒன்றும் செய்ய முடியாது.

சுமந்து போகும் தண்ணீர் பாரம்தான். ஐந்து லீற்றர்க் கான் என்றால் ஐந்து கிலோ. ஆனால் 20 கிலோ எடையுள்ள நாய்க்குச் சும்மா இருக்கும் நாளிலேயே ஒரு லீற்றர் அளவு தண்ணீர் வேண்டும். வெயிலில் ஓடினால் அதைவிட எவ்வளவோ கூட. நான் இரண்டு நாய்க்கும் ஐந்து லீற்றர் கொண்டு போகிறேன். மோட்டார் சைக்கிள் நிற்கும் இடத்தில் இன்னொரு ஐந்து லீற்றர் வைக்கிறேன். புறப்படும்முன் வீட்டிலேயே நன்றாகக் குடிக்க வைக்க வேண்டும். வெறும் தண்ணீரை நக்காத நாய்க்கு உப்பில்லாமல் மீன் அவித்த தண்ணீரைக் கொஞ்சம் கலந்தால் கடைசிச் சொட்டு வரை நக்கும். பிறகு கால் மணிக்கு ஒரு தடவை, இளைக்கிறதோ இல்லையோ, ஒரு சிரட்டை அளவு. தாகம் முற்றிய பிறகு ஒரேயடியாக வாளி நிறையக் கொடுத்தால் மடமடவென்று குடித்து வாந்தி எடுக்கும். மனிதருக்குக் கொடுப்பது போல ஜீவனி (உப்பும் சீனியும் சேர்ந்த தூள்) கரைத்துக் கொடுக்கும் பழக்கமும் சிலரிடம் உண்டு. நாய்க்கு நம்மைப் போல வியர்வையில் உப்புப் போவதில்லை. நல்ல தண்ணீரே போதும்.

அடுத்து, குளிர்விக்கும் முறை. ஈரச்சாக்கைப் போர்த்துவது, உடம்பில் ஊற்றுவது, தலையை மட்டும் நனைப்பது, முழுவதுமாகத் தண்ணீரில் அமிழ்த்துவது என்று நான்கையும் செய்து பார்த்திருக்கிறேன்.

ஈரச்சாக்கு எங்கள் ஊரில் எல்லாரும் செய்வது. முதல் இரண்டு நிமிடம் குளிர்ச்சி. அதன்பின் நாயின் சூட்டிலேயே சாக்குச் சூடாகி, உள்ளே ஆவி கட்டிக்கொள்ளும். போர்வை போர்த்தியது போலாகிவிடும். அதே சாக்கை நனைத்து நிழலில் விரித்து நாயை அதன்மேல் படுக்க விட்டால் கதை வேறு. வயிற்றுப் பக்கம் மயிர் குறைவு. குளிர்ச்சி நேரே உடம்பில் ஏறும். முதுகுக்குக் காற்றும் கிடைக்கும்.

உடம்பில் ஊற்றுவது எங்கள் கோடைக்கு மிகப் பொருத்தம். சோளகம் வறண்ட காற்று. நனைந்த உடம்பில் அது படும்போது ஈரம் விரைவாக ஆவியாகி, சூட்டையும் எடுத்துக்கொண்டு போகும். மூக்கைக் காயவைக்கும் அதே காற்றுத்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. ஐப்பசியில் மழை இருண்டு கட்டியும் பெய்யாமல் புழுங்கும் நாட்களில் இது தலைகீழாகும்: நிலத்தில் மணம் நன்றாக நிற்கும், நாயின் உடம்புச் சூடு இறங்காது. வெயில் குறைந்துவிட்டதே என்று அந்த நாட்களில் அதிக நேரம் ஓட விடுவது பெரிய ஆபத்து.

ஆனாலும் வேலை நடுவில் செய்வதற்கு நான் தெரிந்தெடுத்தது தலையை நனைப்பதைத்தான். அமெரிக்காவின் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் வேலை நாய்களை ஓடவிட்டு, நான்கு வழிகளை ஒப்பிட்டுப் பார்த்து 2024 இல் முடிவை வெளியிட்டார்கள்: தானாகவே தலையைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவது, கழுத்தில் ஈரத்துணி, கழுத்தில் குளிர்ப்பொதி, முன்னங்கால் இடுக்குகளில் ஈரத்துணி. ஓட்டம் நின்ற பிறகும் நாயின் உடம்புச் சூடு கொஞ்ச நேரம் ஏறிக்கொண்டே போகும். அந்த ஏற்றத்தைத் தடுத்தது தலை அமிழ்த்திய வழி மட்டும்தான். இதைப் படித்ததும் எனக்குப் பெரியப்பாவின் ஈரத்துணி நினைவுக்கு வந்தது. தலையில் இரத்த ஓட்டம் அதிகம், விரைவாகக் குளிரும். கூடவே மூக்கின் புழுதியும் கழுவுப்படுகிறது. உடம்புக்கும் மூக்குக்கும் ஒரே வாளித் தண்ணீர்!

பழக்குவது கடினமில்லை. அகன்ற கோப்பையில் சிறிது தண்ணீர் விட்டு, அவித்த மீன் துண்டொன்றை அடியில் போடுங்கள். மூக்கை நனைத்து அதை எடுக்கக் குட்டி ஒரு நாளில் பழகிவிடும். பிறகு தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உயர்த்தினால், கண் வரை அமிழ்த்தி எடுக்கும் நாளும் வரும். என் செவலைக்கு இரண்டு கிழமை எடுத்தது. ஒருபோதும் கழுத்தைப் பிடித்து அமுக்காதீர்கள். அடக்க முடியாமல் இளைத்துக்கொண்டிருக்கும் நாயும், தள்ளாடும் நாயும் இதைச் செய்யவே கூடாது. தண்ணீர் மூச்சுக்குள் போய்விடும்.

முழு உடம்பையும் அமிழ்த்துவது அவசர வேளைக்கு உரியது. கறுப்பனுக்கு நான் அதைத்தான் செய்திருக்க வேண்டும்.

அன்று ஆவணி மாதம். தடம் நல்லதாக இருந்தது என்று பத்து மணி தாண்டியும் விட்டுவைத்தேன். திரும்பி வரும்போது அவன் நாக்கு நுனி அகன்று, கரண்டி போல மடங்கியிருந்தது. எச்சில் பசை போலத் தடித்து வழிந்தது, முரசு (பல் ஈறு) கடுஞ்சிவப்பு. கூப்பிட்டால் பார்க்கவில்லை; ஒரு முதிரை மரத்தடியில் போய் விழுந்தான். இன்று அந்த முதல் அடையாளத்திலேயே எனக்குத் தெரியும். அன்று தெரியவில்லை. ஈரச்சாக்கால் சுற்றி, முச்சக்கர வண்டியில் ஏற்றி, மருத்துவரிடம் ஓடினேன். வழியில் இரண்டு கிணறுகளைத் தாண்டினோம். எங்கும் நிறுத்தவில்லை. விரைவாகப் போனால் பிழைப்பான் என்று நினைத்தேன். ஒரு மணி நேரம் சூடு அவன் உள்ளே வெந்துகொண்டிருந்தது. போய்ச் சேரும்போது மூச்சு இல்லை.

நாயின் சாதாரண உடம்புச் சூடு 38.3 முதல் 39.2 பாகை செல்சியஸ் வரை. 41 ஐத் தாண்டித் தள்ளாடத் தொடங்கினால் ஒவ்வொரு நிமிடமும் குடலும் ஈரலும் மூளையும் கெடுகின்றன. அதனால்தான் இங்கிலாந்தில் இதை ஆராய்ந்தவர்கள் "முதலில் குளிர்வி, பிறகு ஏற்று" என்று வற்புறுத்துகிறார்கள். இளம் நாய், நல்ல உடம்பு என்றால் தலை வெளியே இருக்கத் தண்ணீருக்குள் நிறுத்த வேண்டும். வயதானது, நோய்ப்பட்டது என்றால் தொடர்ந்து ஊற்றி விசிற வேண்டும். குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் நரம்பு இழுத்துவிடும் என்று ஊரில் சொல்வதைக் கேட்டு யாரும் தயங்க வேண்டாம். கிணற்றுத் தண்ணீர், வாய்க்கால் தண்ணீர், கையில் அகப்படுகிற எதுவும் சரி. சூடு 39.5 அளவுக்கு இறங்கியதும் நிறுத்திவிட்டு ஏற்ற வேண்டும். எழுந்து நடந்தாலும் மருத்துவரிடம் காட்டத்தான் வேண்டும்; உள்ளுறுப்புப் பழுது மறுநாள்தான் தெரியவரும்.

எந்த நாய் என்பதையும் கேட்பார்கள். வெளிநாட்டுச் சாதிக் கலப்புள்ள, மயிர் அடர்ந்த பெரிய நாயைப் பார்க்க அழகு. எங்கள் வெயிலுக்கு ஒல்லியான, குறுமயிர் ஊர் நாயே மேல். மூக்குச் சப்பையான நாய் இந்த வேலைக்கு வேண்டவே வேண்டாம். அதைவிட முக்கியம் பழக்கம். கோடை முழுவதும் கொட்டிலில் கட்டிக் கிடந்த நாயை ஆவணியில் ஒரு நாள் அவிழ்த்துவிட்டால் கால் மணியில் இளைத்துவிடும், மூக்கு அங்கேயே முடிந்தது. சித்திரையிலிருந்தே விடியலில் நடக்கவிட்டு, நேரத்தை வாரத்துக்கு வாரம் கூட்ட வேண்டும்.

சாப்பாடு மாலையில். வயிறு நிறையச் சோறு தின்ற நாயை விடிய ஓடவிடக் கூடாது. சோறு மட்டும் போட்டு வளர்க்கவும் கூடாது; மீனோ முட்டையோ கலந்தால்தான் நெடுநேர ஓட்டத்துக்குத் தாங்கும். உண்ணியையும் பார்த்துக்கொள்ளுங்கள், உண்ணிக் காய்ச்சல் வந்த நாயின் உடம்பு ஏற்கனவே சூடு.

பன்றிக்கும் வியர்க்காது. அது என்ன செய்கிறது? வெயில் ஏறும்முன் குளத்துச் சேற்றில் புரண்டுவிட்டு, அடர்ந்த பற்றைக்குள் போய்ப் பொழுதுபடும் வரை அசையாமல் படுத்துவிடுகிறது. பத்து மணிக்கு அதைத் தேடிப் போகும் நாம்தான் வெயிலில் நிற்கிறோம்.

இந்தச் சிறுபோகத்தில் ஒரே ஒரு மாற்றம் செய்யக்கூடியவர்களுக்கு நான் சொல்வது, மணிக்கூட்டைப் பார்த்து எட்டு மணிக்குத் திரும்புங்கள் என்பதுதான். இரண்டாவதும் முடியும் என்றால் கானும் கோப்பையும். என் வீட்டில் இப்போது வளரும் குட்டி கறுப்பனின் பேரன். நேற்று மாலை நாலு விரற்கடைத் தண்ணீருக்குள்ளிருந்து மீன் துண்டை எடுத்தான். காது இன்னும் நனையவில்லை. அடுத்த கிழமை இன்னும் இரண்டு விரற்கடை கூட்டுவேன்.